கொதிக்கும் பெட்டிகள், இரையும் விசிறிகள்

கோடையில் கேமிங் கம்ப்யூட்டர் சூடாவது புதிதல்ல. அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் பணத்தைக் கொட்டுவதுதான் சிக்கல். ஹைதராபாத் வெயில் கற்றுத்தரும் பாடம் இது.

செகந்திராபாத்தின் பார்க் லேன் பகுதியில் இருக்கும் செனாய் டிரேட் சென்டரை உள்ளூரில் யாரும் முழுப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. சி.டி.சி. என்றால் போதும். சென்னைக்கு ரிச்சி தெரு, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு, டெல்லிக்கு நேரு பிளேஸ் என்றால் ஹைதராபாத்துக்கு இது. மதர்போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு, கேபினெட் என்று கம்ப்யூட்டரின் எந்த உறுப்பையும் இங்கே தனித்தனியாக வாங்கலாம். வாங்கியதைச் சேர்த்துப் பூட்டித் தரவும் ஆள் கிடைக்கும்.

கோடை வந்தால் இதுபோன்ற கடைவீதிகள் எல்லாவற்றிலும் ஒரே புகார்தான். விளையாட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் பெட்டி இரைய ஆரம்பிக்கிறது. பிராசஸர் வெப்பம் 95 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது. அதற்குப் பிறகு திரையில் ஓடுகிற படம் திக்கித் திணறுகிறது, அல்லது கம்ப்யூட்டர் தானாகவே அணைந்துவிடுகிறது. பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய பெட்டியாக இருக்கலாம். மகனின் பிடிவாதத்துக்காக அப்பா கடன் வாங்கிக் கொடுத்ததாகவும் இருக்கலாம். வீட்டில் இருப்பது அது ஒன்றுதான் என்பதால் பதற்றம் இயல்பு. கடையில் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் தயாராகவே இருக்கிறது: பெரிய கூலர் போடுங்கள், தண்ணீரில் குளிரும் கூலர் போடுங்கள், கேபினெட்டை மாற்றுங்கள். ஒவ்வொன்றும் பல ஆயிரம் ரூபாய் சமாசாரம்.

மாற்றியும் சத்தம் குறையாமல் திரும்பி வருகிறவர்கள் உண்டு. காரணம் எளிது. வெப்பம் என்பது நோயல்ல, அறிகுறி. விசிறியின் இரைச்சல் அந்த அறிகுறிக்கு கம்ப்யூட்டர் தானே செய்துகொள்ளும் வைத்தியம். இரண்டையும் நோயென்று நினைத்து மருந்து கொடுத்தால் பணம்தான் கரையும்.

தபால்தலைக்குள் ஓர் அடுப்பு

1993-ல் இன்டெல் தன் முதல் பென்டியம் சில்லைக் கொண்டுவந்தபோது அது உறிஞ்சிய மின்சாரம் சுமார் 15 வாட். அதற்கு முந்தைய 486 சில்லுகள் பலவற்றுக்கு விசிறியே தேவைப்படவில்லை. 2023-ல் வந்த இன்டெல் கோர் ஐ9-14900கே முழு வேகத்தில் 253 வாட் வரை எடுத்துக்கொள்ளும் என்று அந்த நிறுவனமே குறித்திருக்கிறது. முப்பது ஆண்டுகளில் ஏறக்குறைய பதினேழு மடங்கு.

எடுத்துக்கொள்ளும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே வெளியேறுகிறது. அந்த வெப்பம் பிறக்கும் இடமோ ஒரு தபால்தலை அளவுகூட இருக்காது. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டோடு ஒப்பிட்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இந்தச் சில்லு வெளியிடும் வெப்பம் ஏறக்குறைய இருபது மடங்கு. அதை உடனுக்குடன் இழுத்துக்கொண்டு போகத்தான் செம்பு, அலுமினியம், விசிறி, தண்ணீர் என்று இத்தனை ஏற்பாடு.

ஒரு காலத்தில் இந்த ஏற்பாடு தவறினால் சில்லு கருகிவிடும். 2001-ல் டாம்ஸ் ஹார்ட்வேர் குழுவினர் விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கூலரைக் கழற்றிப் படம் பிடித்துக் காட்டினார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பியது. ஏஎம்டியின் அத்லான் புகைந்து செத்தது. அந்தக் காட்சி உலகம் முழுவதும் பேசப்பட்டது. இன்றைய சில்லுகள் எல்லாமே தற்காப்புக் கலை பயின்றவை. எல்லை வெப்பத்தைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அப்படியும் தணியவில்லை என்றால் அணைந்துவிடுகின்றன. ஆகவே 95 டிகிரி என்ற எண்ணைப் பார்த்ததும் சில்லு உருகிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை.

அந்த எல்லை சில்லுக்குச் சில்லு மாறும். 14900கே-க்கு 100 டிகிரி. 2022-ல் வந்த ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95. அந்த வரிசையின் உயர்ரகச் சில்லுகள் கடும் வேலை கொடுத்தால் 95 வரை போய் அங்கேயே நிற்பதுபோலத்தான் வடிவமைக்கப்பட்டன. கூலர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு கூடுதல் வேகத்தை எடுத்துக்கொள்ளுமே தவிர வெப்பத்தைக் குறைத்துக்கொள்ளாது. விளையாட்டுப் பிரியர்களின் செல்லமான ரைசன் 7 7800எக்ஸ்3டி-க்கு எல்லை 89 டிகிரிதான். தன் பெட்டியில் இருப்பது எந்தச் சில்லு என்று தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்துக் கவலைப்படுவதில் அர்த்தமில்லை.

அறையைக் கணக்கில் சேர்

எண்ணைப் படிக்க இன்னொரு எண் தேவை: அறையின் வெப்பம். காற்றிலோ தண்ணீரிலோ குளிரும் எந்தக் கூலரும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், சில்லை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறை பத்து டிகிரி ஏறினால் சில்லும் ஏறக்குறைய பத்து டிகிரி ஏறும். குளிர்நாடுகளில் 20 டிகிரி அறையில் சோதித்து, விளையாடும்போது 70 டிகிரி என்று எழுதப்படும் கூலர், 35 டிகிரி அறையில் 85 காட்டினால் அது பழுதல்ல. கூட்டல் கணக்கு.

ஹைதராபாத்தில் ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடுவது சாதாரணம். மாடிக்கட்டடத்தின் கடைசித் தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும்: பகல் முழுவதும் வெயில் குடித்த மேல்தளம் நள்ளிரவு வரை அந்தச் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். இளைஞர்கள் விளையாட உட்காருவதும் அந்த நேரத்தில்தான். சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். 400 வாட் எடுக்கும் கேமிங் கம்ப்யூட்டர், மூடிய அறைக்குள் வைத்த 400 வாட் ஹீட்டருக்குச் சமம். தான் சூடாக்கிய காற்றையே அது மறுபடி உறிஞ்சுகிறது. கதவைத் திறந்து வைப்பதோ, மேலே சுழலும் மின்விசிறியைப் போடுவதோ காசில்லாத முதல் சிகிச்சை.

வறண்ட ஊர் என்பதால் இங்கே வீடுகளில் தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர்கள் அதிகம். வெட்டிவேர்த் தட்டியின் நவீன வாரிசுகள் இவை. அறைக்கு நல்லதுதான். ஆனால் அந்த ஈரக்காற்று நேராகப் பெட்டியின் முகத்தில் அடிக்கும்படி வைத்தால், உள்ளே இருக்கும் தூசி ஈரம் கோத்து அடையாகப் படிந்துவிடும். கூலர் ஒரு மூலை, கம்ப்யூட்டர் எதிர் மூலை என்பதே பாதுகாப்பு. சென்னை, மும்பை போன்ற கடற்கரை ஊர்களில் இயற்கையே இந்த ஈரத்தைத் தந்துவிடுகிறது. அங்கே சுத்தம் செய்யும் இடைவெளி இன்னும் குறைய வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நகரின் மேற்குப் பக்கத்தில் இன்டெல் தன் வடிவமைப்பு மையத்தை 2019 டிசம்பரில் திறந்தது. ஏஎம்டிக்கும் இதே ஊரில் பொறியியல் மையம் உண்டு. குளிரூட்டப்பட்ட அந்தக் கட்டடங்களில் எதிர்காலச் சில்லுகளுக்கான வேலை நடக்கிறது. சில கிலோமீட்டர் தள்ளி, அதே நிறுவனங்களின் சில்லுகள் மொட்டை மாடிக்குக் கீழே வேர்த்துக்கொண்டிருக்கின்றன.

ஏறும் விதமே சொல்லும்

வெப்பத்தின் அளவைவிட அது ஏறும் வேகம் அதிகம் சொல்கிறது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் ஒன்றை ஓடவிட்டு, சினிபெஞ்ச் போன்ற சோதனையால் பிராசஸருக்கு முழு வேலை கொடுத்துப் பார்த்தால் போதும்.

சில நொடிகளுக்குள் எல்லையை எட்டினால் சந்தேகம் சில்லுக்கும் கூலருக்கும் நடுவே இருக்கும் தொடர்பின் மீது விழ வேண்டும். அந்த இடைவெளியைத் தெர்மல் பேஸ்ட் நிரப்புகிறது. கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில் காற்று தங்கினால் வெப்பம் நகராது. பேஸ்ட் அந்தக் காற்றை விரட்டுகிறது. சில ஆண்டுகளில் அது காய்ந்தோ ஓரத்துக்கு ஒதுங்கியோ போகலாம். பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசச் சில நூறு ரூபாய் பேஸ்ட் குழாய் ஒன்று போதும். கூலரின் நான்கு திருகுகளில் ஒன்று தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். புதிய கம்ப்யூட்டர் முதல் நாளே கொதித்தால் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தார்களா என்று பார்ப்பது நல்லது. அவசரத்தில் அதை மறப்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள்.

பத்துப் பதினைந்து நிமிடங்களில் மெதுவாக ஏறினால் குற்றவாளி வேறு. பெட்டிக்குள் காற்று ஓடவில்லை. அதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத சோதனை உண்டு. கேபினெட்டின் பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு அதே வேலையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். வெப்பம் ஏழெட்டு டிகிரி இறங்கினால் தவறு கூலரில் இல்லை, கேபினெட்டில் இருக்கிறது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே வண்ண விளக்குகள் என்று கடையில் மின்னிய கேபினெட்டுகள் சில இந்த வகை. அழகு கூடியது, காற்று நுழையும் வழி குறைந்தது.

எந்த விசிறி காற்றை உள்ளே இழுக்கிறது, எது வெளியே தள்ளுகிறது என்பதில் குழப்பம் இருந்தால் ஓர் ஊதுபத்தி போதும். புகை போகும் திசை பொய் சொல்லாது. முன்னாலும் கீழாலும் உள்ளே, பின்னாலும் மேலாலும் வெளியே என்பது பொது விதி. எல்லா விசிறியும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் பெட்டியின் ஒவ்வொரு சந்து வழியாகவும் தூசி உள்ளே நுழையும்.

தூசிதான் இந்த நாட்டின் பொது எதிரி. சாலை வேலையும் கட்டட வேலையும் ஓயாத ஹைதராபாத்தில் மூன்று மாதத்தில் கூலரின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கம்பளி போர்த்தியதுபோல் படிந்துவிடலாம். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ப்ளோவரால் ஊதி, மென்மையான பிரஷ்ஷால் தட்டினால் பல டிகிரி இறங்குவது உண்டு. ஊதும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுழன்றால் தாங்கி கெட்டுவிடும்.

சத்தத்துக்கு மொழி உண்டு

இரைச்சல் எல்லாம் ஒன்றல்ல. ஒரே சீராக வரும் ‘உஸ்’ என்பது காற்றின் சத்தம். விசிறி தன் வேலையைச் செய்கிறது. ‘டிக் டிக்’ என்று வந்தால் ஏதோ கம்பி இறக்கையில் உரசுகிறது. ‘கரகர’வென்றால் தாங்கி தேய்ந்துவிட்டது, அந்த ஒரு விசிறியை மாற்றினால் போதும். விளையாட்டு ஓடும்போது மட்டும் கொசு ரீங்காரம்போல் கேட்டால் அது பெரும்பாலும் விசிறியே அல்ல, கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கும் மின்சுருள்களின் அதிர்வு. தண்ணீர்க் கூலரில் ‘களகள’ சத்தம் வந்தால் பம்புக்குள் காற்று சிக்கியிருக்கிறது. ரேடியேட்டரின் மேல்பகுதி பம்பைவிட உயரத்தில் இருக்கும்படி மாற்றிப் பூட்டினால் பல சமயம் அது அடங்கிவிடும்.

எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டுவது ஏறி இறங்கும் சத்தம். கம்ப்யூட்டரில் பெரிய வேலை எதுவும் நடக்காதபோதே விசிறி திடீரென்று சீறும், அடங்கும், மறுபடி சீறும். சில்லு மிகச் சிறியது என்பதால் ஒரு நொடி வேலைக்கே அதன் வெப்பம் பதினைந்து, இருபது டிகிரி துள்ளும். விசிறியும் கூடவே துள்ளுகிறது. பயாஸ் அமைப்புகளில் விசிறி சில நொடிகள் பொறுத்து வினையாற்றும்படி வைத்தால் இந்தத் தொல்லை தீரும். பெரும்பாலான புதிய மதர்போர்டுகளில் இதற்கு வசதி உண்டு. செலவு பூஜ்யம்.

சத்தத்தின் கணிதம் இன்னும் சாதகமானது. விசிறியின் வேகத்தை இருபது சதவீதம் குறைத்தால் காற்று இருபது சதவீதம்தான் குறையும். சத்தமோ ஏறக்குறைய 5 டெசிபல் குறையும். பாதியாக்கினால் 15 டெசிபல். அதே சமயம், ஒரே மாதிரியான இரண்டாவது விசிறியைச் சேர்த்தால் கூடும் சத்தம் 3 டெசிபல் மட்டுமே. ஆகவே வேகமாகச் சுழலும் ஒரு விசிறியைவிட நிதானமாகச் சுழலும் இரண்டு விசிறிகள் மேல். சிறிய விசிறியைவிடப் பெரிய விசிறி மேல்.

சூட்டைப் பிறக்காமல் தடுப்பது

இதுவரை சொன்னதெல்லாம் பிறந்த சூட்டை வெளியேற்றும் வழிகள். பிறப்பையே குறைக்க ஒரு வழி இருக்கிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை. சில்லு எடுக்கும் சக்தி, கொடுக்கப்படும் மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அழுத்தத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் சக்தி ஏறக்குறைய 19 சதவீதம் குறையும். உற்பத்தியாளர்களோ போட்டியில் முந்துவதற்காகக் கடைசிச் சொட்டு வேகத்தையும் பிழிந்துதான் சில்லை அனுப்புகிறார்கள். அந்தக் கடைசிச் சொட்டுக்குத்தான் மின்சாரமும் சூடும் மிக அதிகம். ஏஎம்டி தன் ரைசன் சில்லுகளில் ‘ஈகோ மோட்’ என்ற வசதியையே கொடுத்திருக்கிறது. இன்டெல் சில்லுகளுக்கு பயாஸில் சக்தி வரம்பு வைக்கலாம். விளையாட்டுகள் பிராசஸரை முழுமையாகப் பிழிவது அபூர்வம் என்பதால், வரம்பு வைத்த பிறகு திரையில் வித்தியாசம் தெரிவதும் பெரும்பாலும் அபூர்வம். சத்தத்தில் நிச்சயம் தெரியும்.

மின்னழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அண்மை வரலாற்றில் விலையுயர்ந்த உதாரணம் இருக்கிறது. இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை உயர்ரகச் சில்லுகளை வாங்கியவர்கள், விளையாட்டு நடுவில் நொறுங்குகிறது என்று புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். 2024 தொடக்கத்தில் புகார்கள் பெருகின. திரையில் வந்த செய்தியோ கிராஃபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்றது. அதை நம்பிக் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தவர்கள் உண்டு. கூலரைச் சந்தேகித்தவர்களும் உண்டு. 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது: சில்லுக்குள் இருக்கும் கட்டளைத் தொகுப்பின் தவறால் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்கப்படுகிறது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்கள் வந்தன. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு உத்தரவாதம் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சில்லைத் திருத்தத்தால் மீட்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

அந்தச் சில்லுகளை வைத்திருப்பவர்களுக்கு உயர்ந்த கூலரைவிட முக்கியமானது மதர்போர்டு நிறுவனம் தரும் புதிய பயாஸ். பணம் கேட்காத மருந்து இது. போட்டுக்கொள்ளாதவர்களுக்குத்தான் செலவு காத்திருக்கிறது. வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பதும் இந்த வைத்தியத்தில் சேர்த்தி.

எப்போது கடைக்குப் போவது

பெரிய கூலரே தேவையில்லை என்பதல்ல. 200 வாட்டுக்கு மேல் எடுக்கும் சில்லுக்குப் பெட்டியோடு வரும் சிறு கூலரைப் பொருத்தினால் அது மாட்டுவண்டியில் லாரிச் சுமை. அங்கே செலவு நியாயமானது. தண்ணீர்க் கூலரின் பம்பு நின்றுபோனாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். அதன் அடையாளம், வேலை ஏதும் இல்லாதபோதே வெப்பம் எல்லையை நோக்கி ஓடுவது. கேமிங் லேப்டாப்பைப் பொறுத்தவரை, தூசி தட்டுவதற்காகத் திறந்தால் உத்தரவாதம் போய்விடுமா என்று கேட்டுக்கொண்டு திறப்பது நல்லது. அடிப்பக்கம் காற்று போகும்படி இரண்டு அங்குலம் உயர்த்தி வைப்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. மெத்தைமேல் வைத்து விளையாடுவது அதன் மூக்கைப் பொத்துவதற்குச் சமம்.

மற்றவர்களுக்கு வரிசை இதுதான்: அறை, தூசி, காற்றின் வழி, பேஸ்ட், பயாஸ். இந்த ஐந்தையும் பார்த்து முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையும் சில நூறு ரூபாயும் போதும். இதன் பிறகும் எண் இறங்கவில்லை என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகலாம். அப்போது கையில் பணத்தோடு, எது கெடவில்லை என்ற பட்டியலும் இருக்கும். கடைக்காரர் சொல்வதை எடைபோட அந்தப் பட்டியல் போதும்.

ஜூன் மாதம் முதல் மழை பெய்ததும் ஹைதராபாத்தின் பெட்டிகள் பல தாமாகவே அமைதியாகிவிடும். அதற்கு இரண்டு வாரம் முன்பு புதிய கூலர் வாங்கியவர்கள், அது கூலரின் மகிமை என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்.